நடந்துபோன கள்ளி வேலி

சப்பாத்திக்கள்ளியை யாரும் நடுவதில்லை, அது தானாக வருகிறது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். எங்கள் வீட்டில் நட்டோம். வருஷா வருஷம் முதல் மழை விழுந்ததும் என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, மடல்களை வெட்டுவார், நான் கூடையில் சுமப்பேன், நைனா நடுவார். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் காது சூடாகிவிடுகிறது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படித்தான் இருக்கிறது.

சத்தியவேட்டுக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவில் எங்கள் ஊர். செம்மண்ணும் சரளையும் முள்காடும்தான். எங்கள் வேலியில் இருந்த கள்ளி உள்ளூர் ரகம் இல்லை. பழவேற்காட்டுப் பக்கம் மணல்காட்டில் முட்டி உயரத்துக்கு மேல் எழும்பாமல் தரையோடு படர்ந்து கிடக்குமே, அந்த ரகம். கருவாடு ஏற்றி வந்த வண்டியில் தாத்தா நாலு மடலைப் போட்டுக்கொண்டு வந்தாராம். ஆள் உயரம் வளருகிற கள்ளி நட்ட இடத்தில் நிற்கும். இது நிற்காது. மடல் தரையைத் தொட்ட இடத்தில் வேர் விடும், அங்கிருந்து இன்னொரு மடல் கிளம்பும், அது சாய்ந்த இடத்தில் இன்னொன்று. சும்மா விட்டாலே பக்கத்து நிலத்துக்குள் போய்விடும். எங்கள் நைனா அதைச் சும்மாவும் விடவில்லை.

தாத்தா கண்ணை மூடும் முன்பே நிலத்தை இரண்டாக்கி, மேற்குப் பாதியை நைனாவுக்கும் கிழக்குப் பாதியை அத்தைக்கும் கொடுத்துவிட்டார். அத்தை நைனாவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த சுருக்கில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். அந்த நிலத்தில் விளைகிற வேர்க்கடலையும் கேழ்வரகும்தான் அவளுக்கு வருஷத்துச் சாப்பாடு. வேறு நாதி இல்லை.

இரண்டு பாதிக்கும் நடுவில்தான் அந்தக் கள்ளி வேலி. மழை விழுந்து மண் இளகியதும் நைனா கவைக்கோலால் மடல்களை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம், அத்தை நிலத்தில், வரிசையாகப் படுக்க வைப்பார். எங்கள் பக்கத்துப் பழைய செடிகளை வேரோடு வெட்டிக் காயப்போட்டுக் கொளுத்திவிடுவார். ஏன் அந்தப் பக்கம் நடுகிறோம் என்று ஒருமுறை கேட்டேன். வேலி அடர்த்தியாக இருந்தால்தான் ஆடு நுழையாது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, இதையெல்லாம் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருக்காதே என்றார். அக்காவுக்கே தெரியாமல் அக்காவின் வேலியைப் பலப்படுத்துகிறாரே, எவ்வளவு நல்ல மனுஷர் என்று நான் நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நான்தான் வகுப்பில் முதல், பெருமைக்குச் சொல்லவில்லை.

வேலி ஏனடா இத்தனை கிட்ட வந்துவிட்டது என்று அத்தை எப்போதாவது கேட்டால் நைனா வானத்தைப் பார்த்துக்கொண்டு, கள்ளி தானாகப் படருது, அதுக்கு நான் என்ன பண்ணுவது என்பார். அத்தை அதற்கு மேல் பேசமாட்டாள்.

வேலி இப்படிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்கு உள்ளே ஒரு கள்ளிப் புதரை மட்டும் நைனா வெட்டாமல் விட்டிருந்தார். ஏர் ஓட்டும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டு போவார். அதில் நல்லபாம்பு குடியிருக்கிறது, யாரும் கிட்டப் போகக்கூடாது என்று வீட்டில் கட்டளை.

எனக்கோ கள்ளிப்பழம் என்றால் உயிர். வேப்பங்கொத்தால் நன்றாக அடித்து, மண்ணில் புரட்டி, கல்லில் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அந்த முள்ளெல்லாம் போன பிறகு பிட்டு, உள்ளே நட்சத்திரம் மாதிரி இருக்கிற முள்ளை நோண்டி எறிந்துவிட்டுத் தின்ன வேண்டும். எவ்வளவு ஜாக்கிரதையாகத் தின்றாலும் வாய் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அத்தையிடம் மாட்டினேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், வேலியோரம் இருக்கிற சொத்தைப் பழத்தை ஏன் தின்கிறாய், கொல்லை நடுவில் இருக்கிற புதரில் பழுத்துக் கொட்டுகிறதே என்றாள். பாம்பு இருக்கிறது என்றேன். அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள ஒரு கல்லு கீது, அது நாகாத்தம்மா. நான் மஞ்சள் குங்குமம் தொடக்கூடாது. நீ பொட்டப்புள்ள, வெள்ளிக்கெழம ஆனா போயி வச்சிட்டு வா. அப்பால எவ்ளோ பழம் வேணா துன்னு, ஆத்தா ஒண்ணும் பண்ணமாட்டா."

சாமி காரியம், நைனாவிடம் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னாள். ஆக, ஒரே வேலியைப் பற்றி அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஒரு ரகசியத்தை என் வாயில் போட்டு மூடியிருந்தார்கள். இரண்டையும் நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

குச்சியால் மடல்களை விலக்கிப் பார்த்தேன். அத்தை சொன்னபடியே கல் இருந்தது. முழத்துக்கும் குறைவான உயரம், நாலு பக்கமும் செதுக்கியது. அத்தை இலையில் மடித்துத் தருகிற மஞ்சளை அப்பி, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டுப் பழத்தைப் பறிப்பேன். வாரம் தவறியதில்லை. கல் நாளடைவில் நல்ல மஞ்சளாகி அம்மன் களை வந்துவிட்டது.

ஒரு காலையில் நைனாவுக்குக் கூழ் கொண்டு போனேன். அவர் கடப்பாரையோடு அந்தப் புதரண்டை நின்றுகொண்டிருந்தார். கவைக்கோலால் கள்ளியை விலக்கினார். குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு கடப்பாரையைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். புரட்டாசி தவறாமல் திருப்பதிக்கு நடந்தே போய் மலையேறி வருகிற மனிதர் அவர். மஞ்சள் பூசிய கல்லில் கடப்பாரை வைக்க அவருக்குக் கை வராது. என் சாமியை நைனாவும் கும்பிடுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். யார் பூசியது என்று அவர் வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கடப்பாரையைக் கழுவி மூலையில் வைத்துவிட்டார்.

எல்லை பிரிக்கிற பேச்சு ஊரெல்லாம் அடிபட்ட காலம் அது. ஆந்திரா தனி ராஜ்ஜியமாகி, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்ற இழுபறி நடந்துகொண்டிருந்தது. திருத்தணி இங்கே வருகிறதாம், நாம் அங்கே போகிறோமாம் என்று கடைத்தெருவில் தினமும் ஒரு சேதி வரும். எங்கள் தெருவில் தமிழில் ஆரம்பிக்கிற சண்டை தெலுங்கில் முடியும், தெலுங்கில் கூப்பிட்ட மாட்டைத் தமிழில் அடிப்பார்கள். இதில் யாரை எப்படிப் பிரிப்பது? இருந்தாலும் நைனாவுக்கு ஆவேசம் தாங்காது. சவரக்கடை வாசலில் நின்றுகொண்டு, நம் மண்ணை ஊர்ந்து ஊர்ந்து வந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், ஒரு சாண்கூட விடக்கூடாது என்று தொண்டை நரம்பு புடைக்கப் பேசுவார். கேட்கிற எனக்கு ரோமம் சிலிர்க்கும். பக்கத்தில் நிற்கிற சிலர் ஏன் மீசைக்குள் சிரித்தார்கள் என்று அப்போது தெரியவில்லை.

கடைசியில் எங்கள் ஊர் ஆந்திராவுக்கு என்று முடிவாகி, அத்தை நிலத்துக்கு அப்பால் ஊர் முடிகிற இடமே ராஜ்ஜியமும் முடிகிற இடம் என்று ஆனது. அதை அளந்து கல் நட சர்வேக்காரர்கள் வந்தார்கள். தெலுங்கு அதிகாரி ஒருவர், தமிழ் அதிகாரி ஒருவர், சங்கிலி பிடிக்கிற ஆட்கள், சிவப்புக் கொடிகள். ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் படத்தை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஊரே பின்னால் போனது. பள்ளிக்கூடம் வெறிச்சோடிவிட்டதால் வாத்தியாரும் வந்துவிட்டார்.

அளப்பதற்குப் பழைய சர்வே கல் ஒன்று வேண்டும். எங்கள் நிலத்துக்கும் அத்தை நிலத்துக்கும் நடுவில் அது இருக்க வேண்டும் என்று படம் சொல்லியது. வேலியோரம் முழுக்கத் தேடினார்கள். கள்ளியை வெட்டிப் பார்த்தார்கள். இல்லை. எப்போதோ வந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார் நைனா. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தமிழ் அதிகாரி குடையை மடித்து வைத்துவிட்டு, நாலு மூலையும் செதுக்கிய ஒரு கல்லை யாராவது பார்த்ததுண்டா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

வகுப்பில் முதல் அல்லவா நான். பதில் தெரிந்த கேள்வி வந்துவிட்டால் கை தானாக எழுந்துவிடும்.

"எனக்குத் தெரியும் சார். எங்க கொல்லயில கீது, நாகாத்தம்மா கல்லு."

நைனா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டார். நான் அதற்குள் ஓடிவிட்டேன். சர்வேக்காரர்கள் என் பின்னால் வேர்க்கடலைச் செடிகளைத் தாண்டித் தாண்டி வந்தார்கள். இரண்டு ராஜ்ஜியத்து அதிகாரிகளும் என் பின்னால் வருகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சங்கிலிக்காரர் புதரை வெட்டி ஒதுக்கினார். தோள்துண்டால் கல்லின் தலையை அழுத்தித் துடைத்தார். மஞ்சள் போன இடத்தில், சர்வே கல்லுக்கு அடையாளமாக வெட்டிய கூட்டல் குறி தெரிந்தது.

அங்கிருந்து சங்கிலியை இழுத்தார்கள். அது எங்கள் வேர்க்கடலைக்கு நடுவே நேராகப் போனது. கள்ளி வேலி எங்கேயோ தள்ளி, அத்தை நிலத்துக்குள் போய் நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒரு குடும்பம் பிழைக்கிற அளவுக்கு நிலம். அதில் எங்கள் கடலை பூத்திருந்தது.

 கூட்டத்தில் ஒருவர், கள்ளி நல்லாத்தான் நடந்திருக்குது என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கல்லுக்கு மஞ்சள் வைத்தது யார் என்று சங்கிலிக்காரர் கேட்டார். நான்தான், அத்தை கொடுத்தாள் என்றேன். நைனா தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள். அந்தக் கல் ஏன் இன்னும் அங்கே நிற்கிறது என்பது அந்த நேரத்தில் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியிருக்கும், என்னைத் தவிர.

இந்த வேலி யார் போட்டது என்று தெலுங்கு அதிகாரி கேட்டார். "ஈ கஞ்செ எவரு வேசாரு?" நைனாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் காது கேளாதவர் போல நின்றார். துண்டு தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டது. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். வாய்க்குப் பேர் போனவள் அவள். வரப்பில் ஆடு தலை நீட்டினால் ஆட்டுக்காரனின் முப்பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவாள். இன்று தம்பியைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். பெண்கள் முன்னால்கூட நகர்ந்து வந்துவிட்டார்கள்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"நான்தான் சார் போடச் சொன்னது. ஒண்டியா கீறேன், அவ்ளோ நெலத்த எங்க பாத்துக்கினு கீறது. தம்பியே ஓட்டிக்கினு துன்னட்டும்னு வுட்டுட்டேன்."

சரிதான் என்று அதிகாரி சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். அவருக்கு ராஜ்ஜியத்தின் எல்லைதான் முக்கியம். கூட்டம் கிழக்கே நகர்ந்தது. அத்தையும் போய்விட்டாள். நைனா மட்டும் அந்தக் கல்லண்டையே நின்றார். கிட்டப் போய் விரலைப் பிடித்தேன். அவர் உதறவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.  அத்தை சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். கூடை சுமந்தவள் நான். சர்க்கார் அதிகாரி முன்னால் பொய் சொன்ன அத்தையை நினைத்து வெட்கமாக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற நைனாவை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துப் பையன் சிலேட்டுப் பலகையோடு கொஞ்சம் கொஞ்சமாக என் மேல் நகர்ந்து வந்தான். தள்ளிவிட்டேன். "நான் ஒண்ணும் பண்ணல, கள்ளி தானா படருது" என்றான். வகுப்பே சிரித்தது. அப்புறம் அது எல்லோருக்கும் விளையாட்டாகிவிட்டது. கிணற்றடியில், மரத்தடியில், காலைக் கூழ் மாதிரி அன்றாடம் கிடைத்தது எனக்கு. கள்ளிக்காரி என்று பேரும் வைத்தார்கள். நான் கை தூக்குவதை விட்டுவிட்டேன். வாத்தியார் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நைனா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மறுநாளே ஒண்டியாகப் போய் வேலியைப் பிடுங்கி, பழைய கோட்டில் கல்லை ஒட்டி நட்டார். அத்தை பக்கம் வந்த கடலையையும் அவளுக்கே விட்டுவிட்டார். கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். தீரவில்லை. நைனா அத்தை தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டார். குளத்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போவார். சவரக்கடை வாசலில் எல்லை வழக்கு பேச அவர் குரல் கேட்கவில்லை. தாடி வளர்ந்தது. தட்டில் வைத்த களி பாதிக்கு மேல் இறங்காது. பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் வைக்க வேண்டுமே, அந்தப் புடவையைக்கூட என் கையில் கொடுத்தனுப்பினார். அத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏன் அவன் வரவில்லை என்று கேட்கவில்லை.

அம்மா ஒருநாள் பொறுக்கமுடியாமல் நைனாவிடம் கேட்டுவிட்டாள். கூடப் பிறந்தவள் ஒரு சொல்லும் சொல்லவில்லையே, போய்ப் பேசினால் என்ன என்றாள். நைனா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவ நாலு வார்த்த கேட்டிருந்தா போயிருப்பேன். அத்தினி பேரு முன்னாடி என்னக் காப்பாத்தி வுட்டுட்டுப் பூட்டா. எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது?"

அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள். எனக்குப் பதில் தெரிந்தது. அத்தை நைனாவைத் திட்டவேண்டும், அவ்வளவுதானே. இதற்கா இத்தனை நாள் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று எழுந்து ஓடினேன்.

அத்தை வீட்டுச் சுவரில் வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, நீ வந்து நைனாவைத் திட்டணும் அத்தை, திட்டினால்தான் பேசுவாராம் என்றேன். அவள் கையில் இருந்த சாணி உருண்டையைச் சுவரில் அறைந்தாள். உங்க நைனாவா சொன்னான் என்று கேட்டாள். அம்மாகிட்டச் சொன்னார் என்றேன்.  கைகூடக் கழுவாமல் கிளம்பிவிட்டாள். நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு வாசலில் போய் நின்று ஆரம்பித்தாள். நைனா உள்ளே சாப்பிட உட்கார்ந்த நேரம்.

"ஏண்டா, கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? மொத்த நெலத்தயும் குடுத்திருப்பேனேடா. கூடப் பொறந்தவ சோத்துல கள்ளிய வுட்டுத் திருடுவியா? எனுக்கு யார்டா கீறாங்க ஒன்ன வுட்டா?"

அது வெறும் ஆரம்பம்தான். தாத்தாவின் பேரைக் கெடுத்தது, சின்ன வயதில் வெல்லம் திருடியது, நடக்கத் தெரியாத காலத்தில் இவனைத் தூக்கித் தூக்கித் தன் இடுப்பு காய்த்துப்போனது, திருப்பதி மலை ஏறி யாரை ஏமாற்றுகிறாய் என்றது, எல்லாம் வந்தது. தெருவில் கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. சர்வே நாளில் அத்தை சொன்னதை அரைகுறையாக நம்பிய நாலு பேர் இருந்தால், அவர்களும் இப்போது வந்து நின்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். என்னோடு படிக்கிற பையன்கள் எங்கள் எதிர்வீட்டுச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இதை இழுத்து வந்தவள் நான். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. உள்ளே ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நைனா தலையைத் தூக்கவில்லை. களியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை மூச்சு விட நிறுத்தியபோதுதான் வாசலைப் பார்த்தார்.

"முட்ச்சிட்டியா? கைய கழுவிக்கினு வாக்கா. களி ஆறிப்பூடும்."

அத்தை சாணிக் கையோடு வாசற்படி ஏறினாள். இன்னா கொழம்பு என்று கேட்டாள். கருவாடு என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்து தம்பிக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். குழம்பில் உப்பு இல்லை என்று அதற்கும் திட்டினாள். நைனா தன் தட்டில் இருந்த கருவாட்டுத் தலையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் வேண்டாம் என்று திருப்பி வைத்தாள். அவர் மறுபடியும் எடுத்து வைத்துவிட்டு, தனக்கு இன்னொரு உருண்டை களி போடச் சொன்னார். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வாசலில் இன்னும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. தெருவே கேட்கத் தம்பியைத் திருடன் என்று சொல்லிவிட்டு அவன் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் கருவாட்டுத் தலையைக் கொஞ்சிக் கொஞ்சிக் கொடுக்கிறார். இவர்கள் இரண்டு பேருக்கும் வெட்கம் என்பதே கிடையாதா என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன்.